தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறதா?

கேள்வி: ஐயா, நான் சில சிறு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறேன். ஆரம்பத்திலிருந்தே விண்டோஸ்தான். என் தம்பி மென்பொருள் எழுதுகிறவன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் விண்டோஸைத் திட்டாமல் போக மாட்டான். "அது உன் கம்ப்யூட்டரே இல்லை அண்ணா" என்கிறான். அவன் நண்பர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு வேலை தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் சமீபத்தில் வாங்கிய லேப்டாப்பில் சில விஷயங்கள் எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கின்றன. இன்னொரு பழைய மேசைக்கணினியும் இருக்கிறது. அதில் விண்டோஸ் 10 ஓடுகிறது. 11-க்கு அந்தக் கணினி தகுதியில்லை என்று வருகிறது. இவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா, வெறும் கெத்துக்காகப் பேசுகிறார்களா? நானும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிட வேண்டுமா?

பதில்:

உங்கள் தம்பியின் கோபத்தில் பெரும்பகுதி நியாயமானது. ஆனாலும் நீங்கள் கணக்கு எழுதும் கணினியை லினக்ஸுக்கு மாற்ற வேண்டாம். இரண்டும் முரணாகத் தோன்றலாம். பல அலுவலகங்களின் கணினிகளை நீண்ட காலமாகப் பராமரித்து வருகிறேன். விண்டோஸை வெறுப்பவர்களோடும், அதைத் தவிர வேறெதையும் தொடாதவர்களோடும் தினமும் பேசுகிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் மீது இரண்டு காலத்துக் கோபங்கள் இருக்கின்றன. பழைய கோபம், அது அடிக்கடி விழுந்துவிடுகிறது என்பது. 95, 98 பதிப்புகள் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டவை. ஒரு மென்பொருள் தடுமாறினால் மொத்தக் கணினியும் நீலத் திரையில் போய் நின்றுவிடும். விண்டோஸைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே டேவ் கட்லர் தலைமையில் வேறொரு குழு புதிதாக எழுதிய என்.டி என்ற அடித்தளம் 1993-லேயே வெளிவந்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு அது வந்து சேர்ந்தது 2001 அக்டோபரில், எக்ஸ்.பி-யோடு. அதற்குப் பிறகு விழுவது வெகுவாகக் குறைந்தது. அடுத்து வைரஸ் தொல்லை. 2003-ல் பிளாஸ்டர் என்ற புழு இணையத்தில் இருந்த எக்ஸ்.பி கணினிகளைத் தேடித் தேடித் தொற்றியது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்.பி-க்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்புதான், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலைத் தானாகவே போட்டு வைத்தது. இப்போதைய விண்டோஸ் உறுதியான இயங்குதளம். விண்டோஸ் என்றாலே நீலத் திரைதான் என்று இன்றும் ஒருவர் சொன்னால், அவர் கடந்துபோன காலத்தைப் பற்றிப் பேசுகிறார். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்று, விமானங்கள்கூட ரத்தானது உண்மை. ஆனால் அது கிரவுட்ஸ்டிரைக் என்ற வேறொரு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான அப்டேட்டால் நடந்தது.

இன்றைய கோபம் வேறு. உங்கள் தம்பி சொன்ன அந்த ஒரு வரியில் அது முழுதாக இருக்கிறது. கணினி நன்றாக ஓடுகிறது. ஆனால் அதில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பது நீங்கள் இல்லை. உங்களிடம் கேட்பதில்லை. கேட்டாலும், முடியாது என்று சொல்ல இடம் வைப்பதில்லை. "இப்போதே செய்", "பிறகு நினைவூட்டு" என்று இரண்டு பொத்தான்கள் மட்டும் வருகின்றன.

இந்தக் கசப்பு கெட்டியானது 2016-ல் என்று நினைக்கிறேன். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, 7-ம் 8.1-ம் வைத்திருந்தவர்களுக்கு ஓர் ஆண்டுக்கு இலவசமாக மாறிக்கொள்ளச் சலுகை தந்தார்கள். நல்ல சலுகைதான். ஆனால் அதற்கான அறிவிப்புப் பெட்டி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. 2016-ல் ஒரு கட்டத்தில், அந்தப் பெட்டியின் மூலையில் இருக்கும் சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், குறித்த நேரத்தில் மாற்றத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். அந்தக் குறிக்கு அதுவரை எல்லாருக்கும் தெரிந்த ஒரே பொருள், இது எனக்கு வேண்டாம் என்பது. மூடிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் வேறு இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லை மீறிவிட்டோம் என்று அந்த நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலாவே அந்த ஆண்டின் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்படி ஒருமுறை போன நம்பிக்கை திரும்புவது கடினம். அதற்குப் பிறகு விண்டோஸ் எதைக் கேட்டாலும், இதற்குள் என்ன இருக்கிறதோ என்று சந்தேகப்படும் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. உங்கள் தம்பி அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

அப்டேட் விஷயத்தில் நான் அவரோடு முழுதாக உடன்பட மாட்டேன். வற்புறுத்தி அப்டேட் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே 12 அன்று ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற வைரஸ் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்வரை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-லேயே வெளியாகிவிட்டது. இரண்டு மாதம் இருந்தும் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. ஒரு கணினியின் அலட்சியம் அதன் உரிமையாளரோடு நிற்பதில்லை, அடுத்த கணினிக்கும் பரவுகிறது. எனவே பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வற்புறுத்துகிறார்கள் என்றால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன்.

தவறு எங்கே என்றால், அதே வாசல் வழியாக வேறு பலவற்றையும் அனுப்புகிறார்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று நம்பி ஏற்றுக்கொண்டதோடு புதிய ஆப் வரும், நீங்கள் மாற்றி வைத்த அமைப்பு திரும்பிப் போகும், ஸ்டார்ட் மெனுவில் ஆப்களுக்கான விளம்பரம் முளைக்கும். இந்தக் கடைசி விஷயம் 2024-ல் ஓர் அப்டேட்டில்தான் வந்தது. 2018 அக்டோபரில் வெளியான பெரிய அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டதால், அதை நிறுத்தி வைத்துத் திருத்தி மறுபடி வெளியிட நேர்ந்தது. இப்படி நடக்கும்போது மக்கள் அப்டேட்டையே ஒத்திப்போடப் பழகிவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகக் கொடுத்த அதிகாரத்தை வியாபாரத்துக்கும் பயன்படுத்தினால், கடைசியில் கெடுவது பாதுகாப்புதான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

அப்டேட் என்றால் ஏன் எப்போதும் ரீஸ்டார்ட் என்று பலர் கேட்பார்கள். லினக்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம் இது, அதில் பொருளும் இருக்கிறது. விண்டோஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல் பூட்டப்பட்டிருக்கும். மேலே புதியதை எழுத முடியாது. அதனால் புதிய ஃபைல்களை ஓரமாக இறக்கி வைத்து, யாரும் எதையும் திறந்திராத வேளையில், அதாவது கணினி அணைந்து மீண்டும் எழும்போது, மாற்றி வைக்கிறது. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு என்று தனித்தனியாகக் கையாளப்படுகிறது. பழைய உள்ளடக்கத்தை ஓடும் நிரல் பிடித்துக்கொண்டிருக்க, அதே பெயரில் புதிய உள்ளடக்கத்தை வைத்துவிடலாம். அந்த நிரலை மூடித் திறந்தால் புதியது வந்துவிடும். கெர்னல் மாதிரியான அடிப்படைப் பகுதிகள் மாறும்போதுதான் முழு ரீஸ்டார்ட் தேவைப்படும். இது பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த வடிவமைப்பு முடிவின் விளைவு, சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் கவனியுங்கள்: ரீஸ்டார்ட் இல்லாமலே பாதுகாப்புத் திருத்தம் போடும் ஹாட்பேட்ச் வசதி 2025 முதல் விண்டோஸ் 11-க்கும் வந்துவிட்டது. வந்தது பெரிய நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் பதிப்புக்கு. உங்கள் லேப்டாப்பில் அநேகமாக இருக்கும், வீட்டுப் பயனர்களுக்கான ஹோம் பதிப்புக்கு இல்லை.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. விண்டோஸை வெறுப்பவர்கள் கேட்கும் பெரும்பாலான உரிமைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன, ஆனால் வேறு யாருக்கோ. கணினியிலிருந்து நிறுவனத்துக்குப் போகும் பயன்பாட்டுத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோம், ப்ரோ இரண்டிலும் அதைக் குறைக்கலாம், முழுவதும் நிறுத்த வழியில்லை. எண்டர்பிரைஸிலும் கல்வி நிறுவனங்களுக்கான பதிப்பிலும் நிறுத்தலாம். எல்.டி.எஸ்.சி என்று ஒரு பதிப்பு உண்டு. மருத்துவக் கருவிகள், பணம் எடுக்கும் இயந்திரங்கள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள் போன்றவற்றுக்காகச் செய்தது. அதில் ஸ்டோர் கிடையாது, கூடவே தொற்றிக்கொண்டு வரும் ஆப்கள் கிடையாது. வருடக்கணக்கில் புதிய அம்சம் எதுவும் வராது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். உங்கள் தம்பி கனவு காணும் விண்டோஸ் ஏறக்குறைய அதுதான். நிறுவனங்கள் மொத்தமாக உரிமம் வாங்கும் ஏற்பாட்டில் கிடைக்கும். நீங்கள் போய் ஒரு பிரதி வாங்க முடியாது.

ஐரோப்பாவையும் பாருங்கள். அங்கே மைக்ரோசாஃப்டுக்கு எதிரான வழக்குகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2004-ல் 49.7 கோடி யூரோ அபராதம். பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு, பிறகு ஓராண்டுக்கு மேல் காட்டாமல் விட்டதற்கு 2013-ல் 56.1 கோடி யூரோ அபராதம். 2024 மார்ச் முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்கள் எட்ஜ் பிரவுசரைச் சாதாரணமாக நீக்கிவிடலாம், ஸ்டார்ட் மெனுத் தேடலிலிருந்து பிங் தேடுபொறியையும் எடுத்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்ததால் செய்து கொடுத்தார்கள். அதே ஆண்டு, அதே மென்பொருள், மற்ற நாடுகளில் அந்த வசதி இல்லை. தொழில்நுட்பத்தால் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. முடியாது என்று சொல்லும் உரிமையை, கேட்டு வாங்கும் பலம் உள்ளவருக்கு மட்டும் தருகிறார்கள். வீட்டில் இருந்து பயன்படுத்தும் தனி ஆள் அந்த நிறுவனத்தின் நேரடி வாடிக்கையாளரே இல்லை. கணினி தயாரிப்பாளர் உரிமத்தை வாங்கி உள்ளே போட்டு விற்கிறார், பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் போடுகின்றன. உங்கள் எரிச்சல் அவர்கள் கணக்கில் ஒரு வரியாக ஏறுவதே இல்லை. தம்பியின் கோபத்தை இந்த இடத்தில் நான் முழுதாகப் புரிந்துகொள்கிறேன்.

சரி, உங்கள் புதிய லேப்டாப்பில் எரிச்சல் தந்தவை எவை என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருபவர்கள் சொல்வதை வைத்து ஊகிக்கிறேன்.

முதலாவது, மைக்ரோசாஃப்ட் கணக்கு. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது ஹோம் பதிப்பைத் தொடங்கவே இணையமும் ஒரு கணக்கும் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு ப்ரோவுக்கும் அது வந்தது. கணக்கில்லாமல் உள்ளே போக விவரம் தெரிந்தவர்கள் பயன்படுத்திய குறுக்கு வழிகளை 2025-ல் சோதனைப் பதிப்புகளில் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். ஒரு வசதி உண்மையிலேயே பயனுள்ளது என்றால் அதைத் தவிர்க்கும் வழியை இவ்வளவு பாடுபட்டு அடைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். உங்களைப் போன்றவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இதைத்தான். புதிய கணினியைத் தயார் செய்யும்போது, பல நேரங்களில் தெளிவாகக் கேட்காமலேயே, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் நகர்ந்துவிடுகின்றன. இலவச இடம் 5 ஜிபி. நிரம்பியதும் கூடுதல் இடம் வாங்கச் சொல்லி அறிவிப்பு வரத் தொடங்கும். கோபத்தில் ஒன்டிரைவில் நகல் எடுப்பதை நிறுத்தினால், டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் காணாமல் போனதுபோல் தோன்றும். அவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கும். ஆனால் அது தெரியாத ஒருவருக்கு, அதுவும் மாதக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டிருப்பவருக்கு, அந்தப் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தானாக நகல் எடுப்பது நல்ல பழக்கம்தான். ஒருவருடைய ஃபைல்களின் இருப்பிடத்தை அவருக்குப் புரியும்படி சொல்லாமல் மாற்றுவது நல்ல பழக்கம் இல்லை.

தனியுரிமை பற்றிய பயம் மிகையா என்று கேட்டால், பாதி மிகை. உங்கள் கணக்கேடுகளை யாரோ உட்கார்ந்து படிப்பதாக நினைக்க வேண்டாம்; பெரும்பாலும் போவது எந்த மென்பொருள் விழுந்தது, சாதனங்களை இயக்கும் எந்த டிரைவர் ஒத்துப்போகவில்லை என்பது போன்ற தகவல்கள். ஆனால் கேள்வி எழுப்பியவர்கள் வெறும் வம்புக்காரர்கள் இல்லை. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல் 2016-ல் இதற்காகவே நோட்டீஸ் அனுப்பியது. சேகரிப்பைக் குறைத்து மாற்றங்கள் செய்த பிறகுதான் 2017-ல் விவகாரத்தை முடித்தது. 2024 மே மாதம் ரீகால் என்ற அம்சத்தை அறிவித்தார்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்துச் சேமித்து, பிறகு தேடித் தருவது அது. அந்தச் சேமிப்பை அதே கணினியில் நுழைந்த எந்த நிரலும் எளிதாகப் படிக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டிய பிறகு தள்ளி வைத்து, திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் சேர்த்து, விரும்புகிறவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளும்படி மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். கத்தியவர்கள் இருந்ததால்தான் அது மாறியது. தம்பி மாதிரி ஆட்களால் உங்களுக்கும் எனக்கும் கிடைத்த நன்மை அது.

அப்புறம் ஏன் நீங்கள் மாற வேண்டாம் என்கிறேன்? உங்கள் தொழில் விண்டோஸில் ஓடும் ஒரு கணக்கு மென்பொருளை நம்பி இருக்கிறது. பல ஆண்டுக்கு முன் எழுதிய நிரலும் இன்று ஓடுவது விண்டோஸின் மிகப் பெரிய பலம். வெறுப்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை, அது நேர்மையில்லை. இந்தப் பழைமைப் பாசத்துக்கு விலையும் உண்டு. CON (கான்) என்ற மூன்றெழுத்துப் பெயரை ஒரு ஃபைலுக்கு வைக்க விடாமல் டாஸ் காலத்து விதி இத்தனை ஆண்டுகள் கூடவே வந்தது. 2012-ல் செட்டிங்ஸ் என்று புதிய இடம் வந்த பிறகும் கன்ட்ரோல் பேனல் போகவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் உங்கள் பழைய கணக்குக் கோப்புகள் திறப்பதும் அதே பாசத்தால்தான்.

லினக்ஸில் வைன் என்ற இடைமென்பொருள் மூலம் விண்டோஸ் நிரல்கள் பல ஓடும். விளையாட்டுகளுக்கு 2018-ல் வந்த புரோட்டான் என்ற அதே வகை மென்பொருள் பெரிய மாற்றத்தையே கொண்டுவந்துவிட்டது. ஆனால் கணக்கு மென்பொருள் பாதி ஓடி, அறிக்கையை அச்சடிக்கும்போது நின்றால் உங்களுக்கு என்ன பயன்? டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரிண்டர், ஸ்கேனர் ஒவ்வொன்றும் ஒத்துழைக்க வேண்டும். தம்பிக்கு ஓர் இரவு அதோடு போராடுவது பிடித்த வேலையாக இருக்கலாம். உங்களுக்கு அது கட்டணம் இல்லாத வேலை. வாடிக்கையாளர் காத்திருக்கும் கணினியில் சோதனை செய்யக் கூடாது.

லேப்டாப்பில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவசரம், குறியாக்கத் திறவுகோல். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகத் தொடங்கும் கணினிகள் பெரும்பாலானவற்றில் வன்தட்டு தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. லேப்டாப் திருடு போனால் உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு வெளியே போகாது. நான் வரவேற்கும் விஷயம். ஆனால் அதன் மீட்புத் திறவுகோல் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். மதர்போர்டு மாற்றினாலோ, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்பில் கைவைத்தாலோ கணினி அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்திருந்தால் ஃபைல்களை யாராலும் மீட்க முடியாது, என்னாலும் முடியாது. கடையில் யாரோ அவசரத்தில் உருவாக்கித் தந்த கணக்காக இருந்தால் இன்னும் ஆபத்து. இன்றே கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

ஒன்டிரைவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நிறுத்துவதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். முதலில் எல்லா ஃபைல்களையும் கணினியிலேயே இருக்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள்; பிறகு ஒரு வெளி வன்தட்டில் நகல் எடுங்கள்; அதற்குப் பிறகு மேனேஜ் பேக்கப் பகுதியில் ஒவ்வொரு ஃபோல்டராக நிறுத்துங்கள். கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒன்டிரைவுக்குள் வைக்காதீர்கள். ஒரே நேரத்தில் மென்பொருளும் ஒத்திசைவும் அந்த ஃபைலைத் தொட்டால் தரவு கெடலாம்.

ரீஸ்டார்ட் தொல்லைக்கு, ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறியுங்கள். 18 மணி நேரம்வரை கொடுக்கலாம். அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. கணக்கு தாக்கல் செய்யும் கடைசி வாரங்களில் அப்டேட்டை ஐந்து வாரம்வரை நிறுத்தி வைக்கலாம். முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். தினமும் ஷட் டவுன் செய்தும் கணினி மந்தமாகவே இருக்கிறது என்றால், வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு அணைப்பு இல்லை. கெர்னலின் நிலையை வன்தட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

விளம்பரம், பரிந்துரை எல்லாவற்றையும் செட்டிங்ஸில் அணைக்கலாம்; பிரைவசி பகுதியில் கூடுதல் தரவு அனுப்புவதையும் விளம்பர அடையாளத்தையும் அணையுங்கள், நோட்டிபிகேஷன்ஸ் பகுதியின் கடைசியில் இருக்கும் பரிந்துரைகளையும் அணையுங்கள். பெரிய அப்டேட் ஒன்று வந்துபோன பிறகு இவற்றை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையைக் கெடுக்காமல் விண்டோஸை அடக்கமாக ஓட வைக்க இவ்வளவு போதும். இணையத்தில் கிடைக்கும், ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் நீக்கித் தருகிறேன் என்னும் நிரல்களைத் தொழில் கணினியில் ஓட்டாதீர்கள். எதை நீக்கியது என்று அவை சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து ஓர் அப்டேட் ஏறாமல் நிற்கும்போது காரணம் கண்டுபிடிக்க முடியாது.

இனி அந்தப் பழைய மேசைக்கணினி. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். 11 வெளியான நாளில் நான்கைந்து வயதுதான் ஆகியிருந்த, குறையே இல்லாத கணினிகள் தகுதியிழந்தன. பாதுகாப்புச் சில்லுக்கு உண்மையான பயன் இருக்கிறது; ஆனாலும் நன்றாக ஓடும் இத்தனை இயந்திரங்களைக் குப்பைக்குத் தள்ளும் அளவுக்கு அது அவசியம் என்று நான் ஏற்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கணினி அன்றோடு நின்றுவிடாது, புதிய ஓட்டைகள் அடைபடாது, அவ்வளவுதான். தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும்; 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். கணினி அமைப்புகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால் இலவசம், அல்லது ஒருமுறை கட்டணம், அல்லது மைக்ரோசாஃப்டின் ரிவார்ட்ஸ் புள்ளிகள். எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். தம்பியிடம் இதைச் சொல்லாதீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார்.

தகுதியில்லாத கணினியில் விதிகளை ஏமாற்றி 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏறும், ஓடும். ஆனால் இனி வரும் அப்டேட்கள் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. வாடிக்கையாளர் தரவு இருக்கும் கணினியில் அது வேண்டாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. முக்கியமான கணக்குத் தரவு முழுவதையும் புதிய லேப்டாப்புக்கும் வெளி வன்தட்டுக்கும் நகர்த்திவிட்டு, இரண்டிலும் திறக்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு பழைய கணினியைத் தம்பியிடம் கொடுத்து லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போடச் சொல்லுங்கள். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸில் பழகியவருக்கு மெனுவும் டாஸ்க்பாரும் அந்நியமாக இருக்காது. எதையும் அழிக்காமல் யுஎஸ்பி பென்டிரைவிலிருந்தே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் அதில் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். மின்னஞ்சல், வங்கி இணையதளம், கடிதம் தட்டச்சு, வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு இவற்றுக்கு அந்தக் கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். கொஞ்ச நாள் பயன்படுத்தினால், தம்பி எதற்காகக் கோபப்படுகிறார் என்பது நான் எழுதியதைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும். பிடிக்காமலும் போகலாம், அதிலும் தவறில்லை.

நிறுவுவதற்கு முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். உங்கள் கணக்கு மென்பொருளின் உரிமம் அந்தப் பழைய கணினியோடு பிணைக்கப்பட்டதா என்று விற்றவரிடம் கேளுங்கள். அப்படியானால் அங்கிருந்து உரிமத்தை முறைப்படி விடுவித்து, லேப்டாப்பில் செயல்படுத்திய பிறகே வன்தட்டை அழிக்க வேண்டும்.